மலைப்பக்கம், கடல்பக்கம்

ஒசாகாவிலிருந்து கோபேக்கு
மூன்று தண்டவாளங்கள்.
மலையடிவாரத்தில் ஒன்று:
அரக்குநிறப் பெட்டி, பச்சை வெல்வெட் இருக்கை,
உட்சுவரெல்லாம் மரத்தின் ரேகை.
கடலோரமாய் ஒன்று:
யார் வீட்டு பால்கனியில் என்ன காய்கிறது என்று
நின்று நின்று விசாரித்துக்கொண்டு போகும்.
நடுவில் ஜே.ஆர்.
அதற்கு எதையும் பார்க்க நேரமில்லை.

எது நல்லது என்று அலுவலகத்தில் கேட்பார்கள்,
புதிதாய் மாற்றலாகி வருகிறவர்கள்.
நான் திருப்பிக் கேட்பேன்:
போவதற்கா, வருவதற்கா?

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை
இரண்டிலிருந்து நான்கு மணி வரை
நான் கொயோமியின் அப்பா.
தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது,
கீழே மிசாதோவின் முத்திரையும் என் முத்திரையும்
அருகருகே, கடைசித் தடவையாக.

அதனால் போகும்போது ஜே.ஆர்.
நூறு யென் சொச்சம் கூடுதல், ஐந்தாறு நிமிடம் மிச்சம்.
மிச்சம் பிடித்ததை
சன்னோமியா நிலையத்தின் பூக்கடை எதிரே
நின்றே செலவழித்துவிடுவேன்.
இரண்டுக்கு முன்னால் மணி அடிக்கக் கூடாது.

திரும்பும்போது கடலோர வண்டி.
அதிலும் ஒரு நிலையம் விடாமல் நிற்கும் நீலப் பெட்டி.
பின்னால் விரைவு வண்டி வந்தால்
ஒதுங்கிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு
வழிவிடும். அதற்கு ரோசமே கிடையாது.
எனக்கும் அவசரமில்லை,
சோறு ஆறுகிறது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.

மலைப்பக்க வண்டியில் ஏறுவதில்லை.
மூன்று பேராகப் போனது அதில்தான்.

போன பிப்ரவரி.
ஆஷியாவில் வண்டி நின்றுவிட்டது.
முன்னால் எங்கோ யாரோ தண்டவாளத்தில் இறங்கிவிட்டாராம்.
ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்டது,
சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டது.
மணி ஒன்று நாற்பத்தொன்று.
தெஷிமா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஊழியர்
மாற்றுச் சீட்டை என் கையில் வைத்தார்.
எது சீக்கிரம் என்றேன்.
"மேலே ஏறினால் பத்து நிமிடம் மலைப்பக்க நிலையம்.
கீழே இறங்கினால் பத்து நிமிடம் கடல்பக்கம்."
இரண்டு கைகளையும் இரண்டு திசைக்கு நீட்டிவிட்டு
அவரும் கொஞ்சநேரம் அப்படியே நின்றார்.

அந்த ஊரில் ஒரு ஆறு,
மலையிலிருந்து ஒரே மூச்சில் கடலுக்கு இறங்குவது.
மற்ற இரண்டு வண்டிகளுக்கும் அதன்மேல்தான் நடைமேடை.
ஜே.ஆர். மட்டும் ஆற்றுக்கு அடியில் நுழைந்து போகும்.
தலைக்குமேல் வெள்ளம் போனால்
சாணென்ன முழமென்ன என்பார்கள்.
இத்தனை சனிக்கிழமையும் எனக்கு
தலைக்குமேல் போனதே தெரியாது.

தாமதமாகும் என்று செய்தி அனுப்பினேன்.
பதில் வந்தது:
அங்கேயே இரு. நாங்கள் வருகிறோம்.
தாளில் இல்லாத வாக்கியம்.
ஆற்றங்கரையில் இரண்டு முறை படித்தேன்,
பிறகு மேலே ஏறினேன்.

பைன் மரங்களுக்கு இடையே
ஒற்றைக் கையுறையோடு ஓடிவந்தாள் கொயோமி.
"நீ எதில் வந்தாய்?"
"பாதி ரயில். பாதி நடை."
"நடைக்கு எத்தனை யென்?"

கல் பொறுக்கினோம். தண்ணீரைக் காலால் சோதித்தோம்,
சப்பாத்து நனைந்தது, அவளுடையதல்ல, என்னுடையது.
மிசாதோ இருபதடி தள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்து
டப்பியில் அடைத்த சோளச் சூப்பைக்
கடைசி மணிவரைக்கும் தட்டித் தட்டிக் குடித்தாள்.
அந்தப் பழக்கம் போகவில்லை.

நாலேகால் ஆயிற்று அவள் எழுந்திருக்க.
கடிகாரம் கட்டித்தான் இருந்தாள்.

மாற்றுச் சீட்டை நான் பயன்படுத்தவே இல்லை.
பணப்பையில் இருக்கிறது.
வழங்கிய நாளில் மட்டும் செல்லும் என்று
அதில் அச்சடித்திருக்கிறது.